துரை அண்ட் கோவின் ஆழ்ந்த கவனம்

தலையாட்டிக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டார ஊர்களில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் எனக்குப் பெண் எடுத்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், பெயர் வைப்பது உங்கள் பாடு.

தென்காசியில் டவுன் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அந்த ஊர் வரும். இறங்கியதும் ஒரு தகரக் கொட்டகை இருக்கும். அதன் நெற்றியில் 'துரை அண்ட் கோ, திருஷ்டிப் பொம்மை தயாரிப்பாளர்கள்' என்று போர்டு தொங்கும். கட்டுகிற வீட்டுக்கு முன்னால் கண்ணேறு படாமல் இருக்கக் கட்டித் தொங்கவிடுவார்களே, வைக்கோல் திணித்த உடம்பு, பழைய சட்டை பேண்ட், மண்சட்டித் தலை, அதில் உருட்டின கண், முறுக்கின மீசை, வெளியே தள்ளின நாக்கு. அந்தப் பொம்மைதான் அவர்கள் தொழில்.

கூட்டாளிகள் நாலு பேர். முதலாளி ஐகோர்ட்துரை. அது குலசாமி பேர், கோர்ட்டுப் பக்கம் அவன் போனதே கிடையாது. வைக்கோல் திணிப்பவன் இசக்கியப்பன். ஆள் நல்ல பருமன், அவன் திணிக்கும் பொம்மையும் பருமன். சட்டை பேண்ட் தைத்து மூட்டுவது மாடக்கண்ணு. முகம் வரைவது கொம்பையா. நாலு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதுவும் அதே வகுப்பில் மூன்று வருஷம்.

நல்ல பிள்ளைகள். ஒரே ஒரு குறை, கையிலிருக்கும் வேலையில் கவனம் நிற்காது. கொம்பையா ஒரு கண்ணை வரைந்து முடிப்பான், வாசலில் ஒரு ஆடு போகும். அது யார் வீட்டு ஆடு என்று பார்க்க நாலு பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள். ஆடு வீடு சேர்ந்து, ஆட்டுக்காரியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது எந்தப் பொம்மைக்கு எந்தக் கண் பாக்கி என்பது மறந்துபோயிருக்கும்.

அப்படி ஒற்றைக் கண்ணோடு போன ஒரு பொம்மையால்தான் இந்தக் கதையே வந்தது. அதைத் தளவாய் மேஸ்திரி வீட்டு மாடியில் கட்டத் துரை போயிருந்தான். தளவாய் என்றால் அந்தப் பக்கத்தில் பெரிய கட்டட மேஸ்திரி. அவர் மகள் செண்பகவடிவு அப்பாவுக்குத் துணையாக செங்கலும் சிமெண்டும் கணக்குப் பார்ப்பவள். கையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். அவள் பொம்மையை அண்ணாந்து பார்த்தாள்.

"இது யாரைப் பாத்துக் கண்ணடிக்குது?" என்று கேட்டாள்.

துரை அந்தக் கேள்வியை நன்றாக யோசித்தான். பொம்மையின் பார்வை போகும் திசையில் போய் நின்று பார்த்தான். திரும்பி வந்து, "எதுத்த வீட்டுக் கழுதையைங்க" என்று மரியாதையாகச் சொன்னான்.

செண்பகவடிவு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள், எல்லாரும் அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனவர்கள். ஒரு கேள்வி கேட்டால் ஓடிப்போய்ப் பார்த்து வந்து பதில் சொல்கிற ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. துரைக்கும் அப்படித்தான், ஆனால் அது அவனுக்குத் தெரிய இரண்டு மாசம் ஆனது.

தெரிந்ததும் நேரே போய்த் தளவாயிடம் பெண் கேட்டான்.

தளவாய் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வேலையைச் சொன்ன நாளுக்குள்ள முடிச்சிருக்கியால நீ?"

"இல்லைங்க" என்றான் துரை. பொய் சொல்லத் தெரியாது.

"ஆவணி பத்தாம் தேதி ஆலங்குறிச்சி காலனியில தளம் போடுதேன். பன்னிரண்டு வீடு. ஊர்க்கண்ணு பூரா அங்கதான் இருக்கும். கான்கிரீட் விழுறதுக்கு முன்னால பன்னிரண்டு வீட்டு முகப்புலயும் பன்னிரண்டு பொம்மை தொங்கணும். தொங்கிச்சுன்னா அங்கயே வச்சுத் தாம்பூலம் மாத்துதேன். ஒண்ணு கொறஞ்சாலும் அதே தட்டு போர்வெல் சங்கரபாண்டிக்குப் போயிரும். அவனும் அன்னைக்கு வாரான்."

போர்வெல் சங்கரபாண்டியிடம் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரிகள் இருந்தன, இரண்டு செல்போன் இருந்தது. துரையிடம் பதினைந்து நாள் இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னான். நாலு பேரும் கவலையாக உட்கார்ந்தார்கள். அப்போது வாசலில் ஒரு ஆடு போனது. திரும்பி வந்த பிறகு மறுபடியும் கவலையாக உட்கார்ந்தார்கள்.

"இது சரிப்படாதுவே" என்றான் மாடக்கண்ணு. "நமக்குக் கவனம் வேணும். தென்காசியில ஒரு மண்டபத்துல தொழில் முனைவோருக்குப் பயிற்சி முகாமாம். கவனத்தைப் பத்தித்தான் பேசுதாங்களாம்."

மறுநாள் போனார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் மூன்று மணி நேரம் பேசினார். ஆழ்ந்த கவனம் இருந்தால் மலையையும் புரட்டலாம் என்றார். மலையைப் புரட்டி என்ன செய்வது என்று இசக்கியப்பன் எழுந்து கேட்டான், உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவர் சொன்னது முழுவதையும் நினைவில் வைக்க முடியாது என்பதால் ஆளுக்கு ஒரு விதியை மனப்பாடம் செய்து கொண்டுவருவது என்று முடிவானது.

பஸ்ஸில் ஒருவரோடொருவர் பேசாமல், உதடு மட்டும் அசைய, விதியைச் சிந்தாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மாடக்கண்ணு கொண்டுவந்தது: மிக முக்கியமான வேலையை முதலில் முடி. இசக்கியப்பன் கொண்டுவந்தது: கவனத்தைக் கலைக்கிறது எதுவும் கண்ணில் படக்கூடாது. கொம்பையாவுடையது: ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். துரையுடையதுதான் நீளம்: கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் ஓய்வு, மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓய்வெடு, அடுத்த மணி அடித்தால் எழுந்து வேலையைப் பார்.

முதல் நாள் மாடக்கண்ணுவின் விதியை எடுத்தார்கள்.

"பொம்மை வேலையில ரொம்ப முக்கியம் எது?" என்று துரை கேட்டான்.

"வைக்கோல்தான்" என்றான் இசக்கியப்பன்.

"முகம்" என்றான் கொம்பையா.

"ரெண்டும் இல்ல" என்றான் மாடக்கண்ணு. "மேஸ்திரி என்ன சொன்னாரு? தொங்கணும்னாரு. வைக்கோல் இல்லாமக் கூடத் தொங்கலாம். தொங்காத பொம்மையால என்ன பிரயோசனம்? தொங்குறதுதான் முக்கியம். அதை முதல்ல முடிப்போம்."

ஆலங்குறிச்சிக்குப் போய்ப் பன்னிரண்டு வீட்டு முகப்பிலும் பன்னிரண்டு கயிறு கட்டி, நுனியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டார்கள். தொங்கவிடும் வேலை முதல் நாளே முடிந்துவிட்டது, இனிப் பொம்மைதான் பாக்கி. அங்கே வேலை பார்த்த சித்தாள்கள் வந்து பார்த்தார்கள். எறும்பு ஏறாமல் இருக்கத் தூக்குச்சட்டி மாட்டுவதற்குத்தான் மேஸ்திரி ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்து, பன்னிரண்டு கொக்கியிலும் சோற்றை மாட்டிவிட்டு அவரை வாயார வாழ்த்தினார்கள். தளவாய்க்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் வாழ்த்தை வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் இசக்கியப்பனின் விதி. கண்ணில் படுகிற எல்லாவற்றையும் அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். ஜன்னல் வழியாக ஆடு தெரிகிறது என்று ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து வெளியே வைத்தார்கள். ஓட்டை பெரிதாகி, ஆடு முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தால் கண்ணும் கூடவே சுற்றுகிறது, அதைக் கழற்றினார்கள். போர்டைக் கழற்றினார்கள். வாடிக்கையாளர் ஒருவர் வந்தார்.

"இவர் வந்தா வேலை நின்னு போகுதே" என்றான் இசக்கியப்பன். "எல்லாத்தையும்விட இவருதான் கவனத்தைக் கலைக்காரு."

அவரை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் வரை சுமந்ததில் கொட்டகை காலியானது. வைக்கோல், சட்டி, துணி, வண்ணம் எல்லாமே வெளியே கிடந்தன. நாலு பேரும் வெறும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இப்பவும் நீங்க மூணு பேரும் எங் கண்ணுல படுதீங்களே" என்றான் இசக்கியப்பன்.

துரை வெகு நேரம் யோசித்தான். "உலகத்துல இருக்கறதை ஒவ்வொண்ணா எத்தனை நாளைக்குல சுமக்க? சாமான் ஆயிரம் இருக்கு. கண்ணு நம்ம நாலு பேருக்கும் சேத்து எட்டுதான். கண்ணைக் கட்டிட்டா ஒரேயடியா வேலை முடிஞ்சுதுல்லா?"

மற்ற மூவருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. முதலாளி என்றால் முதலாளிதான் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். வெளியே கிடந்ததையெல்லாம் திரும்ப உள்ளே சுமந்து வைத்து, நாலு துண்டால் எட்டுக் கண்ணையும் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை ஓடியது. ஆடு போனால் தெரியவில்லை. தெருவில் கல்யாண ஊர்வலம் போனது, இழவு போனது, யானை கூடப் போனது, ஒருவனும் எழுந்திருக்கவில்லை. முகங்கள்தான் கொஞ்சம் முன்னே பின்னே அமைந்தன. ஒரு பொம்மைக்கு மூக்குக்கு மேலே வாய். ஒன்றுக்கு மீசை காதிலிருந்து கிளம்பியது. இன்னொன்றுக்கு முகமே இல்லை, அந்த முகம் பக்கத்துச் சுவரில் இருந்தது. கொம்பையா சுவரையும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொண்டான்.

கொம்பையாவின் விதியில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் என்றால், வரையும்போது மூச்சு விடலாமா?

"மூச்சு விடுறதும் ஒரு வேலைதானே?" என்று அவன் கேட்டான்.

"அது தானா நடக்குதுலா" என்றான் மாடக்கண்ணு.

"தானா நடந்தாலும் நடக்குதே. நடக்கறது யாரு பொறுப்பு?"

சோதித்துப் பார்க்க மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மீசையை வரைந்தான். இடது பக்க முறுக்கு முடிவதற்குள் தொப்பென்று விழுந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். மூச்சைத் தொழில் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது வீட்டு வேலை என்று பேசித் தீர்த்தார்கள். ஆனால் மற்றதில் கொம்பையா கண்டிப்பாக இருந்தான். சாப்பிடும்போது பேசினால் சாப்பாட்டைத் துப்பிவிட்டுத்தான் பேசினான்.

துரையின் விதிக்கு மணி வேண்டும். கொட்டகையில் கடிகாரம் இல்லை. துரை தன் அக்காவிடம் குக்கரை இரவல் வாங்கி வந்து, அரிசி போட்டு அடுப்பில் ஏற்றினான். விசில் அடித்தால் ஓய்வு, அடுத்த விசில் அடித்தால் வேலை.

அதுவும் நன்றாகத்தான் போனது, பதினோரு மணி வரைக்கும். பதினோரு மணிக்குத் தெருவிலுள்ள அத்தனை வீட்டுக் குக்கரும் சேர்ந்துகொண்டன.

"அது எதுத்த வீட்டு விசில்ல" என்றான் இசக்கியப்பன், வைக்கோலைக் கீழே போடாமல்.

"மணி அடிச்சா வைன்னுதான் கோட்டுக்காரரு சொன்னாரு" என்றான் துரை. "யார் வீட்டு மணின்னு சொன்னாரா?"

சொல்லவில்லைதான். அதனால் எந்த விசிலானாலும் கட்டுப்படுவது என்று ஆனது. விசில் அடித்தால் படுத்தார்கள், அடுத்தது அடித்தால் எழுந்தார்கள், படுத்தார்கள், எழுந்தார்கள். மத்தியானச் சமையல் முடிவதற்குள் நாலு பேருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது. ஒரு நாள் செங்கோட்டை ரயில் ஊதியதில் ஓய்வுக்குப் போனவர்கள், அடுத்த ரயில் வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

செண்பகவடிவு ஒரு நாள் வழியில் இறங்கி எட்டிப் பார்த்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு, மூக்குக்கு மேல் வாய் வைத்த பொம்மைகளுக்கு நடுவில் நாலு பேரும் மல்லாந்து கிடந்தார்கள்.

"நாளைக் கழிச்சு பத்தாம் தேதி" என்றாள்.

"தெரியுங்க" என்றான் துரை, படுத்தபடியே. "பதினொண்ணு முடிஞ்சிது. ஒண்ணுதான் பாக்கி. விசில் வந்ததும் எந்திரிச்சிருவோம்."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அடுப்பை நன்றாக எரியவிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டாவது பொம்மையும் முடிந்தது.

ஆவணி பத்து விடிந்தது. பன்னிரண்டு பொம்மைகளையும் ஒரு தள்ளுவண்டியில் அடுக்கிக் கட்டி, கண்கட்டை மட்டும் கழற்றிவிட்டு, ஆலங்குறிச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அங்கே சந்தை. சந்தை முக்கில் ஒரு போலீஸ்காரர் நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். வண்டி நடு முக்குக்கு வந்ததும், வேகமாகப் போகச் சொல்லி விசில் ஊதினார்.

நாலு பேரும் வண்டியை விட்டுவிட்டு ரோட்டில் படுத்தார்கள்.

போலீஸ்காரர் பதறிப்போய் ஓடி வந்தார். "என்னவே ஆச்சு? வெயிலா?"

"ஓய்வுங்க ஐயா" என்றான் துரை.

அவர் கோபத்தில் இன்னொரு தடவை ஊதினார். நாலு பேரும் எழுந்து வண்டியைப் பிடித்தார்கள். அப்பாடா என்று அவர் பின்னால் நின்ற பஸ்ஸை நிறுத்த ஊதினார், மறுபடியும் படுத்துவிட்டார்கள். பஸ்ஸை விட ஊதினார், எழுந்தார்கள். எதிரே வந்த லாரியை நிறுத்த ஊதினார், படுத்தார்கள். நாலு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. தக்காளிக் கூடைக்காரி ஒருத்தி, இது ஏதோ புதுவிதமான போராட்டம் என்று நினைத்து அவர்கள் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிங்கவே, ஒங்க காலுல விழுதேன்" என்றார் போலீஸ்காரர்.

"ஐயா ஊதினா எந்திரிச்சிருவோம்."

"ஊதிட்டா?"

"அப்புறம் ஊதாம இருக்கணும்ங்க."

அவர் ஒரே ஒரு தடவை ஊதிவிட்டு விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். விசில் இல்லாமல் போக்குவரத்தை எப்படிச் சமாளிப்பது? வண்டியின் உச்சியில் இருந்த பொம்மையைப் பிடுங்கினார். "இது அபராதம்" என்று சொல்லி அதைத் தன்னுடைய குடைக்குக் கீழே நிறுத்தினார். மூக்குக்கு மேல் வாய் வைத்த அந்த முகத்தைப் பார்த்ததும் நாலு பக்கத்து வண்டிகளும் கப்சிப்பென்று ஒழுங்காகப் போகத் தொடங்கின. பொம்மையைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

காலனிக்கு வந்து பொம்மைகளைத் தொங்கவிட்டபோது பதினோரு வீட்டோடு நின்றுபோயிற்று. கடைசி மூலையில் இருந்த பன்னிரண்டாவது வீட்டில் வெறும் கயிறுதான் தொங்கியது. கான்கிரீட் கலவை இயந்திரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. காலனி வாசலில் தளவாய் தாம்பூலத் தட்டோடு நின்றார். பக்கத்தில் போர்வெல் சங்கரபாண்டி இரண்டு காதிலும் இரண்டு செல்போனை வைத்துக்கொண்டு நின்றான். செண்பகவடிவு பட்டுச்சேலையும் அளவு டேப்புமாக நின்று ஒவ்வொரு முகப்பாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

துரைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "போச்சுவே" என்றான். "அவ இனி போர்வெல் லாரிக்குப் பின்னால போயிருவா."

"அழுறது ஒரு வேலை" என்றான் கொம்பையா. "இப்பம் அதுக்கு நேரமில்ல. ஒரு பொம்மை வேணும், அவ்வளவுதான். நம்மள்ல யாராவது தொங்கிருவோம்."

யார் தொங்குவது என்று ஆலோசனை நடந்தது. இசக்கியப்பன் தொங்கினால் வீடு தாங்காது. கொம்பையா முகம் வரைய வேண்டும். மாடக்கண்ணு ஒன்றைத்தான் கேட்டான்: "இன்னைக்கு இருக்கற வேலையில ரொம்ப முக்கியமானது எது?"

"இதுதான்" என்றான் துரை.

"அப்பம் அதை முதலாளிதான் செய்யணும்."

துரையின் அக்குளில் கயிற்றைக் கொடுத்துக் கட்டி, சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, முகப்பில் ஏற்றிவிட்டார்கள். கொம்பையா விதியை மீறாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி முகம் வரைந்தான். மீசை நெற்றிக்குப் போயிற்று. கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு கண் கூடுதலாக வந்தது. சிவப்பு நாக்கு தாடையில் தொடங்கித் தொண்டைக்குழியில் முடிந்தது. பெற்ற தாய் வந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

"அசையாத. பேசாத" என்று கொம்பையா காதில் சொன்னான். "பொம்மையா இருக்கறது மட்டுந்தான் ஒனக்கு இப்பம் வேலை."

அந்த நிமிஷத்தில், கோட்டுக்காரர் மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பேசினாரே, அந்த ஆழ்ந்த கவனம் துரைக்குள் வந்து இறங்கியது. கீழே மூன்று ஆடுகள் போயின, அவன் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு குக்கர் கூவியது, அவன் கேட்கவில்லை. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டுப் போனது, அதற்கும் அவன் அசையவில்லை.

தளவாய் ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டு பன்னிரண்டாவது வீட்டுக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். பன்னிரண்டு பொம்மையும் இருந்தன.

"முடிச்சுட்டானே!" என்றார். அவருக்கே கொஞ்சம் சந்தோஷம் வந்துவிட்டது. "எங்கல துரை? கூப்பிடுங்க. தட்டைக் கொடுத்துருதேன்."

இசக்கியப்பனும் மாடக்கண்ணுவும் கொம்பையாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துரை எங்கே? பொம்மை இருக்கிறது, துரையைக் காணோம்.

"துரை!" என்று தளவாய் மூன்று தடவை கூப்பிட்டார். துரை அவர் தலைக்கு நேர் மேலே, முழங்கால் இடிக்கிற உயரத்தில், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலையில் இருந்தான்.

"பொண்ணு கொடுக்கேன்னு கூப்பிட்டா வரமாட்டேங்குதான்!" தளவாய்க்குக் கோபம் தலைக்கேறியது. திரும்பினார். "மாப்ளே, சங்கரபாண்டி, நீரு வாரும். தட்டைப் பிடியும்."

"ஒரு நிமிஷம் மாமா" என்றான் சங்கரபாண்டி இடது போனைப் பொத்திக்கொண்டு. பிறகு வலது போனில், "முந்நூறு அடியிலயும் பாறையா? ஒரு நிமிஷம்" என்றான். பிறகு இரண்டு போனையும் ஒன்றாக வைத்து அவற்றையே பேசிக்கொள்ளச் சொன்னான். தளவாய் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

செண்பகவடிவு இவ்வளவு நேரமும் பன்னிரண்டாவது பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் பொம்மைக்குக் கால் கட்டைவிரலில் நகம் இருக்குமா? அவளுக்கு விளங்கிவிட்டது. பேசினால் அவன் வேலை கெட்டுவிடும், பொம்மை ஒன்று குறைந்துபோகும். அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"யப்பா, எனக்கு இதுதான் வேணும்."

"எதும்மா?"

"இந்தப் பொம்மை. இதுக்கே தட்டைக் குடுத்துருங்க."

ஊரே வாயைப் பிளந்தது. தளவாய் பொம்மையை நிமிர்ந்து பார்த்தார். பொம்மை கண் இமைக்காமல் அவரைப் பார்த்தது. தன் பேச்சை யாரும் முழுசாகக் கேட்டு அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு சோதனைக்காக, காலையிலிருந்து மனசில் இருந்ததையெல்லாம் அதனிடம் கொட்டினார். சிமெண்டு வராதது, கம்பி வளைக்கிறவன் ஏமாற்றினது, மூட்டுவலி, எல்லாவற்றையும் சொன்னார். பொம்மை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, போனை எடுக்கவில்லை, அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தளவாயும் தலையாட்டிக்குளத்துக்காரர்தான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

"எம் மக சரியாத்தான் சொல்லுதா" என்றார். "சொன்ன இடத்துல நின்னு சொன்ன வேலையைப் பாக்குற ஒரே ஆளு இந்த ஊர்ல இதுதான்." தாம்பூலத் தட்டைப் பொம்மையின் இரண்டு கையிலும் வைத்து, விழாமல் இருக்கச் சணலால் கட்டிவிட்டார். குலவை போட்டார்கள். சங்கரபாண்டி இன்னும் போனில்தான் இருந்தான்.

கான்கிரீட் போட்டு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, மூன்று கூட்டாளிகளும் துரையைக் கீழே இறக்கி முகத்தைத் துடைத்துவிட்டார்கள். துரை இறங்கியதும் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான்.

"கேட்டியளா? அவளை ஒரு பொம்மைக்குப் பேசி முடிச்சிட்டாவ!"

இசக்கியப்பனுக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. "ஏல, அந்தப் பொம்மையே நீதானல?"

கொம்பையா தலையை ஆட்டினான். "அது எப்பிடி? ஒரு நேரத்துல ஒரு வேலைதான். பொம்மையா இருக்கும்போது துரையா இருக்க முடியாதுல்லா. தட்டு வாங்கினது பொம்மை."

இதில் யாருக்கும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. துரைக்கும் முடியவில்லை. அவன் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பயலை ஒரு கை பாக்காம விடமாட்டேன்" என்று பன்னிரண்டாவது வீட்டு முகப்புக்கு ஓடினான். கயிறு வெறுமனே தொங்கியது.

"ஓடிட்டான்!" என்று கத்தினான். "தாம்பூலத் தட்டையும் தூக்கிட்டு ஓடிட்டான்!"

நாலு பேரும் ஆலங்குறிச்சி முழுக்கத் தேடினார்கள். துரைதான் எல்லாருக்கும் முன்னால் ஓடினான், இரண்டு கையிலும் கட்டியிருந்த தட்டு இடைஞ்சலாக இருந்தும் அவன் வேகம் குறையவில்லை. பஸ் நிறுத்தம், சந்தை, கண்மாய்க்கரை எங்கேயும் பொம்மை அகப்படவில்லை. கடைசியில் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு செண்பகவடிவு முன்னால் போய் நின்றான்.

"ஒங்க மாப்பிள்ளை ஓடிப் போயிட்டாருங்க" என்றான்.

செண்பகவடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். அப்புறம் திரும்பி, அவன் கையிலிருந்த சணலை அவிழ்த்துத் தட்டை வாங்கி வைத்தாள்.

"மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிக்கப் போகுது. இனி என்ன செய்ய? அவர் எடத்துல நீங்க நில்லுங்க."

துரை யோசித்தான். அடுத்தவன் இடத்தில் நிற்பது நியாயமா என்று கூட்டாளிகளைக் கேட்டான். ஆள் வரும்வரை நிற்பதில் தப்பில்லை, காலையிலும் அவன் பொம்மையின் இடத்தில் நின்றவன்தானே என்றார்கள்.

"சரிங்க, நிக்கேன்" என்றான். "ஆனா ஒண்ணு. அவன் திரும்பி வந்துட்டான்னா நான் மரியாதையா எந்திரிச்சுக் கொடுத்துருவேன்."

பொம்மைக்குப் பதில் அதைச் செய்தவன் நிற்பதில் தளவாய்க்கும் ஆட்சேபம் இல்லை. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது, நானும் போயிருந்தேன், பாயசம் நன்றாக இருந்தது. ஆயிற்று, ஆறு வருஷம். இரண்டு பிள்ளைகள். துரை நல்ல புருஷன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கும் அந்த வீட்டுக் கதவை யாராவது தட்டினால், அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இலையை அப்படியே விட்டு எழுந்து, கையைக் கழுவி, பிள்ளைகள் தலையைத் தடவிவிட்டு, எடுத்துத் தயாராக வைத்திருக்கும் பையோடு போய்க் கதவைத் திறக்கிறான். போன வாரம் நான் போய்த் தட்டினேன். என் முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க இல்லியே?" என்று கேட்டான். "நான் இல்லைப்பா" என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான்.